"மாத்திரை போடுகிறாயா?" என்பது ஒரு கேள்வியா?

என் தங்கை முதல் குழந்தையைச் சுமந்திருந்தபோது, இரும்புச்சத்து மாத்திரைகளை அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். பரிசோதனைக்குப் போனபோதெல்லாம் "மாத்திரை போடுகிறாயா?" என்று கேட்டார்கள், "போடுகிறேன்" என்றாள், அட்டையில் ஒரு சரிக்குறி விழுந்தது. ஏழாம் மாதத்தில் வீட்டுக்கு வந்த பொது சுகாதாரச் செவிலியர் மட்டும் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை போட்டால் உடம்புக்கு என்னம்மா செய்கிறது?" என்று கேட்டார். குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு ஏற்பட்ட பயம் என்று அத்தனையும் கொட்டிவிட்டாள்.

கறுப்பு நிறம் இரும்புச்சத்தால் வருவது, அதில் ஆபத்தில்லை என்று அவர் விளக்கினார். தேநீரோடும் காபியோடும் மாத்திரையைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் இரும்பு உடலில் சரியாக ஏறாது என்றார். இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார். ஹீமோகுளோபின் கர்ப்பிணிக்கு இருக்க வேண்டிய 11 கிராமுக்கு வெகு கீழே இருந்தது.

கர்ப்பகாலச் செவிலியப் பணி என்றதும் தடுப்பூசி, மாத்திரை, எடை, பதிவேடு என்று மட்டுமே நினைக்கும் நிர்வாக மனப்பான்மையோடு எனக்கு உடன்பாடில்லை. ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விக்குப் பெரும்பாலும் கேட்பவர் விரும்பும் பதிலே வரும்; உண்மை வர வேண்டுமானால் கேள்வியைத் திறந்து வைக்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையில், அதுவரை நான்காக இருந்த கர்ப்பகாலப் பரிசோதனைகளை எட்டாக உயர்த்தியதோடு, 'வருகை' என்ற சொல்லை விட்டுவிட்டுத் 'தொடர்பு' என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டது. எட்டுச் சந்திப்புகளும் எட்டுச் சரிக்குறிகளாகவே முடிந்தால், சொல்லை மாற்றி என்ன பயன்?

இரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணியை ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவைத்து, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி, அவரைப் பேசவிடாமல் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இருபதாவது வாரத்துக்குப் பிறகு அது 140/90ஐத் தொட்டால், சிறுநீரில் புரதம் போகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரைக்கும் போகக்கூடிய கோளாறு அது. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை அதன் அறிகுறிகள். தூக்கமில்லாததால் தலைவலி, நெஞ்செரிச்சலால் வயிற்றுவலி என்று பெண்கள் தாங்களாகவே முடிவுகட்டிக்கொள்வதால், இவை பல நேரங்களில் கேட்காமல் வெளியே வருவதில்லை. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது அந்த ஐந்து நிமிடத்துக்குச் செவிலியர் எங்கே போவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் போதாமையும் எழுத்து வேலையும் சேர்ந்து அவருடைய நேரத்தைத் தின்றுவிடுகின்றன.

மனநிலை பற்றிய கேள்விகள் இன்னும் கடினமானவை. பேறுகால மனச்சோர்வை அறிய 1987 முதல் புழக்கத்தில் இருக்கும் எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள்தான். பத்தாவது, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மாமியாரையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்கு எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? வீட்டில் அடி விழுகிறதா என்ற கேள்விக்கும் இது பொருந்தும். தனியாகப் பேச ஓர் அறையும் கதவும் இல்லாத இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்காமலிருப்பதே மேல் என்பேன். கேட்கப்போய் அவளுக்கு வேறு ஆபத்து வரலாம்.

தங்கைக்குச் சுகப்பிரசவம். பழைய காகிதங்களை அடுக்கும்போது அந்த அட்டை அண்மையில் என் கைக்கு வந்தது. செவிலியர் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசிய அந்தத் தேதிக்கு எதிரே இரண்டே சொற்கள் இருந்தன: "மாத்திரை வழங்கப்பட்டது."