வசந்தகாலப் பனிச்சரிவு: ஒரு திருத்தம்

சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து சுவிஸ் உறவினரிடம் செல்வோருக்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பில், ஏப்ரலில் பனி இறுகிவிடுவதால் பனிச்சறுக்குப் பாதைகளாக ஒழுங்குபடுத்தப்படாத மலைச்சரிவுகளிலும் நாள் முழுவதும் ஆபத்தின்றிச் சறுக்கலாம் என்று கூறப்பட்டுள்ளது. இது பாதி உண்மையே என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

இரவு வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு உறைந்து, காலையில் உறுதியாக இருக்கும். ஆனால் வெயில் ஏற ஏற, உருகும் நீர் உள்ளே இறங்கிப் பனித்துகள்களுக்கிடையிலான பிணைப்பைத் தளர்த்துவதால், முதலில் கிழக்கு நோக்கிய சரிவுகளிலும், பின்னர் தெற்கு, மேற்கு நோக்கியவற்றிலும் ஈரப் பனிச்சரிவு (நீர் ஊறிய பனி திரளாகச் சரிந்து விழுவது) ஏற்படும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். முகில் மூடிய இரவாயின் அந்தக் காலைநேர உறுதியையும் நம்ப முடியாது. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

சுவிஸின் டாவோஸ் நகரிலுள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் பருவகாலத்தில் மாலை 5 மணிக்கு வெளியிடும் அறிக்கையை எவரும் அதன் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1 முதல் 5 வரையான ஆபத்து நிலையோடு நின்றுவிடாமல், பகற்பொழுதில் ஈரப் பனிச்சரிவு ஆபத்து எவ்வாறு மாறும் என்ற பகுதியையும் வாசியுங்கள். மலையில் நிற்கும்போதோ, காலணி ஆழமாகப் புதையத் தொடங்கினால், அல்லது பனியுருண்டைகள் தாமாகவே உருண்டு வந்தால், அந்தச் சரிவை விட்டு உடனே விலகிவிட வேண்டும்.