உலோகத்தில் ஓடும் அலை: ஒரே வீச்சில் எடுத்த வீடியோ அல்ல

"வெள்ளிப் படலத்தின் மேல் ஒளி ஓடுவதை அதிவேக கேமரா நேரடியாகப் படம்பிடித்தது" என்ற குறிப்போடு ஒரு வீடியோ சுற்றி வருகிறது. படம் உண்மைதான், குறிப்புதான் தவறு.

அங்கே ஓடுவது வெறும் ஒளி அல்ல, மேற்பரப்பு பிளாஸ்மான்: உலோகத்தின் எலக்ட்ரான்களும் ஒளியும் கைகோத்து எழுப்பும் அலை. அது ஒருமுறை ஏறி இறங்க ஒன்று முதல் மூன்று ஃபெம்டோநொடிகளே ஆகும் (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எந்தக் கேமராவின் ஷட்டரும் அந்த வேகத்தில் திறந்து மூடாது.

சரி, பிறகு எப்படி? ஒரு லேசர் துடிப்பு, அதாவது கணநேரமே நீடிக்கும் ஒளிக்கீற்று, அலையைக் கிளப்புகிறது. சற்றுத் தாமதித்து வரும் இரண்டாவது துடிப்பு எலக்ட்ரான்களை வெளியேற்ற, எலக்ட்ரான் நுண்ணோக்கி அவற்றைப் படமாக்குகிறது. தாமதத்தை மாற்றுவது ஒரு கண்ணாடி. அதை 150 நானோமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், போக வர 300 நானோமீட்டர் கூடி, துடிப்பு 1 ஃபெம்டோநொடி பிந்துகிறது. நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது! ஒவ்வொரு தாமதத்துக்கும் ஏராளமான துடிப்புகளின் எலக்ட்ரான்களைச் சேர்த்து ஒரு ஃபிரேம், அப்புறம்தான் அடுத்தது. 2005இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு வெள்ளிப் படலத்தில் இப்படித்தான் காட்டியது.

ஆக, நாம் பார்ப்பது ஒரே அலையின் பயணம் அல்ல. அச்சு அசலாக ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கிளப்பிய அலைகளின் தொகுப்பு. நிறங்கள், எலக்ட்ரான் எண்ணிக்கைக்குக் கணினி பூசியவை.

வீடியோவில் தெரியும் பட்டைகளின் இடைவெளியைப் பிளாஸ்மானின் அலைநீளம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதுவும் தவறு. லேசர் சாய்வாக விழும்போது, பிளாஸ்மானும் லேசரும் குறுக்கிடுவதால் தோன்றும் பட்டைகள் அவை. அலைநீளத்தைவிடப் பல மடங்கு அகலமாகக்கூட இருக்கும்.