ஒரு ஜோடின்னா எத்தனை பீஸுங்க?

18 வருஷமா திருப்பூர்ல பனியன் கம்பெனி பேக்கிங் டேபிள்ல பீஸ் எண்ணியே தலை நரைச்சவனுங்க நான். எனக்கே எண்ணத் தெரியலைன்னு ஒரு மெயில் வர வச்சிருச்சு இந்த இங்கிலீஷ்.

குழந்தைங்க செட் அது. ஆர்டர் ஷீட்ல ஒரு டாப், 'ஏ பேர் ஆஃப் லெக்கிங்ஸ்', 'ஏ பேர் ஆஃப் சாக்ஸ்'. பேக்கிங் பையன் சாக்ஸும் ரெண்டு வச்சான், லெக்கிங்ஸும் ரெண்டு வச்சான். அவன் மேல என்னங்க தப்பு? 'பேர்'னா ஜோடிதானுங்களே? ஆனா லெக்கிங்ஸுக்கு மட்டும் ஒரு பேர்னா ஒரே பீஸாமா. பேராம் பேர்! கண்ணபுரம் மாட்டுச் சந்தையில ஒரு ஜோடிக்குக் காசு கொடுத்தா ரெண்டு மாடு வரோணும். ஒத்தை மாட்டைப் புடிச்சுக் கொடுத்து, "கொம்பு ரெண்டு இருக்குதுங்களே"ன்னா சும்மா உடுவோமா?

தூத்துக்குடிக்கு வண்டி ஏத்தற அன்னைக்கு ராத்திரி, 40 டஜன் பாலிபேக்கைப் பிரிச்சு, கவருக்கு ஒன்னா எச்சா கெடந்ததை உருவி, மறுபடி ஒட்டினோம். டேப் கிழியற சத்தம் இன்னும் காதுலயே நிக்குது. (பைஜாமா ஆர்டரா இருந்திருந்தா இன்னும் கூத்து. அதுல 'பேர்'னா மேல போடற சட்டையும் சேர்த்தியாமா!)

ரெண்டு காலு இருக்குது, அதான் ஜோடிங்கறாங்க. சட்டைக்கு ரெண்டு கை இல்லீங்களா? பிரா மட்டும் எப்படி ஒத்தையாச்சு? அந்தக் காலத்துல ஐரோப்பாவுல காலுக்கொரு உறைன்னு தனித்தனியா மாட்டி இடுப்புல கட்டிக்குவாங்களாமா. செரி, ரெண்டையும் ஒட்டித் தைச்சே 500 வருஷத்துக்கு மேல ஆச்சே, இன்னுமா எண்ணிக்கையை மாத்தலை?

இந்த வயித்தெரிச்சலோட ஊட்டுக்கு வந்தா, அம்முணி நோட்டுல செவப்பு வட்டம். 'தி சிசர்ஸ் இஸ் ஆன் தி டேபிள்' தப்பாமா, 'ஆர்' போடோணுமாமா. முன்னால 'ஏ பேர் ஆஃப்' சேர்த்துட்டா அதே கத்தரிக்கு 'இஸ்'தான் சரியாமா. கத்தரியும் அதேதான், டேபிளும் அதேதான்! 'ட்ரவுசர்ஸ்'னு 'எஸ்' போட்டே ஆகோணும், அதுல பாக்கெட் வச்சுட்டா 'ட்ரவுசர் பாக்கெட்', 'எஸ்' ஓடிப்போயிருது. நமக்கு ரெண்டு கண்ணும் எரிஞ்சாலும் கண்ணு எரியுதுன்னுதானுங்க சொல்றோம், எந்த டாக்டருக்குப் புரியாமப் போச்சு?

இதுல உச்சம் என்னன்னா, அடுத்த சாம்பிளுக்கு பையர், அதான் ஆர்டர் கொடுத்தவரு, எழுதுன கமெண்ட்: 'திஸ் பேண்ட் இஸ் டூ லாங்'. ஏனுங்க, 'எஸ்' எங்கே, 'ஆர்' எங்கே? துணி யாவாரத்துல அப்படித்தான் எழுதுவாங்களாமா. எம்புள்ளைக்கு மட்டும் அரை மார்க்கு போச்சு.