சேர்த்துவைத்தது யார் என்பது பெரிதா?
விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்த குழு எதுவும் உண்மையான ராக் குழு ஆகாது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பாதிதான் ஒத்துக்கொள்வேன். மங்கீஸ் என்ற அமெரிக்கக் குழுவையே பாருங்கள். 1965-இல் ஒரு டிவி தொடருக்காக விளம்பரமெல்லாம் போட்டு ஆள் தேடிச் சேர்த்த நாலு பேர். டிரம்மராக நடித்த மிக்கி டோலன்ஸ் அந்தத் தொடருக்காகத்தான் டிரம்ஸே கற்றுக்கொண்டார். முதல் இரண்டு ஆல்பங்களில் பெரும்பாலும் வாசித்தது ஸ்டூடியோ கலைஞர்கள். சரி, அதுவரை அது கம்பெனி தயாரித்த சரக்குதான். ஆனால் எந்தப் பாட்டு, யார் வாசிப்பது என்று முடிவெடுப்பது யார் என்பதைத்தானே பார்க்க வேண்டும்? அந்த உரிமைக்காகக் குழுவின் கிதார் கலைஞர் நெஸ்மித் சண்டை போட்டார், மற்றவர்களும் கூட நின்றார்கள். அதுவரை குழுவுக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்துவந்த கம்பெனி ஆள் டான் கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். 1967-இல் மூன்றாவது ஆல்பத்தைப் பெரும்பாலும் அவர்களே வாசித்துப் பதிவு செய்தார்கள். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், டிரம்ஸ் அங்கங்கே லேசாகத் தடுமாறும், கிதார் கொஞ்சம் முரடாக இருக்கும். எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் உயிர். அமெரிக்காவில் அது ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்புறம் அதை இறக்கியது பீட்டில்ஸ்.