டைலர் கண்டெடுத்த ஆளா?
'அமெரிக்க ராப் பாடகர் டைலர் தி கிரியேட்டர் தன் ஆல்பத்தில் பாட விட்ட பிறகுதான் ஆங்கிலேயப் பாடகர் ரெக்ஸ் ஆரஞ்சு கவுண்டி ஆல்பமே போட ஆரம்பித்தார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேதியைப் பாருங்க சார். டைலரின் அந்த ஆல்பம் 'ஃப்ளவர் பாய்' வந்தது 2017 ஜூலையில், ரெக்ஸின் 'ஆப்ரிகாட் பிரின்சஸ்' ஆல்பம் அதே வருஷம் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அதற்கும் முன்னால், லண்டனில் பிரிட் ஸ்கூல் என்ற கலைப்பள்ளியில் டிரம்ஸ் படித்துக்கொண்டிருந்த பையன் தானே பதிவுசெய்து சவுண்ட்கிளவுட் இசைத் தளத்தில் ஏற்றிய முதல் ஆல்பம் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் டைலரே மின்னஞ்சல் அனுப்பினார். 'ஃப்ளவர் பாய்' ஆல்பத்தில் ரெக்ஸ் பாடிய 'போர்டம்' பாட்டால் அவர் பெயர் பரவியது உண்மைதான், அதை யார் மறுத்தார்கள்? அப்புறம் 2022-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ரெக்ஸின் 'ஹூ கேர்ஸ்?' ஆல்பத்திலும் டைலர் ஒரே ஒரு பாட்டில்தான் வருகிறார்.