ஒருத்தர் புகுந்தால் எல்லோரும் புகுவதா?

ஈரோடு பக்கம் எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினாலே எனக்கு வயிறு எரியும். வரிசை ஒழுங்காகத்தான் நிற்கும். ஒரு பைக் வலப்பக்கம் ஏறி முன்னால் போய் நிற்கும். அவ்வளவுதான், பின்னாலேயே பத்து வண்டி. எதிர்ப்பக்கமும் இதே கதை. கேட் திறந்ததும் இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்ளும். ஒருவர் ஹாரன் அடித்தால் அந்த எரிச்சல் எல்லோருக்கும் தொற்றிவிடும். நேற்று நடுவில் ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது, பாவம்.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையில், கோட்டின் நீளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தும், சோதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை கூட்டம் சொன்ன தப்பான விடையையே சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது அது வெகுவாகக் குறைந்தது. அதனால்தான் நான் இடப்பக்கமே நிற்கிறேன்.

"ஏனுங்க, முன்னால போலாமுங்களே?" என்றார் பின்னால் இருந்தவர். நான் நகரவில்லை.