தென்னைக்கு விஷம் கட்டாதீர்கள்

சென்னையில் நங்கநல்லூர், மடிப்பாக்கம் மாதிரி காம்பவுண்டுக்குள் தென்னை நிற்கிற ஏரியாக்களில் கோடை வந்தால் ஒரே புலம்பல்தான்: ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி இருக்கு, கீழே நிறுத்தின வண்டி பிசுபிசுங்குது. உடனே பூஞ்சைக்கு மருந்து தேடுகிறார்கள். வீண் செலவு. ஓலையின் அடியில் சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ கழிக்கிற இனிப்பு நீர் கீழே சொட்டுகிறது, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி இது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தெரியவந்தது. கொய்யா, சீத்தா, வாழையையும் விடாது.

மோனோகுரோட்டோபாஸ் என்கிற பூச்சிமருந்தைப் பையில் ஊற்றி வேரில் கட்டச் சொல்லி யாராவது வந்தால் கேட்டைச் சாத்துங்கள். சிவப்பு லேபிள், அதாவது மிகக் கொடிய வகை விஷம் அது. சாற்றோடு ஏறி இளநீருக்கும் போகும். வீட்டுக் குழந்தை குடிக்கிற இளநீர், ஞாபகம் இருக்கட்டும்.

மேலே மருந்தடித்தாலும் நஷ்டம் நமக்குத்தான். இந்த ஈயை அடக்குகிற என்கார்சியா என்கிற பொடிக்குளவி முதலில் சாகும், ஈ மறுபடி பெருகும். குளவி இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். அது முட்டையிட்ட ஈக்குஞ்சு கறுத்துவிடும். ஓலையைத் திருப்பினால் வெள்ளை மெழுகுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் நிறையத் தெரிகிறதா? அந்த ஓலையை வெட்டாதீர்கள், கழுவவும் வேண்டாம். அதில் ஒரு துண்டை நறுக்கிப் புள்ளியே இல்லாத பக்கத்து மரத்தில் கட்டிவிடலாம்.

வெறும் வெள்ளையாக இருந்தால் ஹோஸ் முனையை அழுத்திப் பிடித்து ஓலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். பலர் மேல்பக்கத்தை நனைத்துவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். பூச்சி அங்கே இல்லையே! அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சாயங்காலமாக. முதலில் கொஞ்சம் சோப்புக் கரைசலில் எண்ணெயைக் கலக்கிவிட்டுத் தண்ணீர் சேர்க்கவும். இல்லையென்றால் எண்ணெய் தனியே மிதந்து, திட்டுத்திட்டாக விழுந்து இலையைக் கருக்கும். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய கஞ்சி, ஆறவைத்து வடிகட்டி, நல்ல வெயில் நாளில் ஓலையின் மேல்பக்கம் தெளித்தால் காய்ந்து பூசணத்தோடு உரிந்து விழும். வடிகட்டாமல் ஊற்றிவிட்டு ஸ்ப்ரேயர் அடைத்துக்கொண்டது என்று திட்டாதீர்கள். ஐப்பசி மழை நெருங்கிவிட்டால் இந்த வேலையே வேண்டாம், மழையே கழுவிவிடும்.

பச்சை மட்டைகளை மொத்தமாக வெட்டி மொட்டையடிப்பதுதான் எனக்குப் பொறுக்காதது. தாங்கிய மட்டை போனால் குலை தொங்கி, குரும்பை கொட்டும்.

நர்சரியில் கொய்யாக் கன்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். சுருள் சுருளாக வெள்ளைக் கோடு இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.